ஆச்சியின் காக்கைக்கால் வைரம்

லில்லி ஜோசப்ராஜைப் போல் ஒரு பெண் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பிறந்ததில்லை, இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. மற்ற இடங்களில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், அதை நீங்களே பார்த்துக் கழித்துக்கொள்ளலாம்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் லேப் டெக்னீஷியன். மம்பாவிலிருந்து தினமும் மோட்டாரில் போய்வருவேன். லேசருக்குக் குளிர் தண்ணீர் திறந்துவிடுவது, வெற்றிட பம்புக்கு எண்ணெய் மாற்றுவது, துறையின் வேனை ஓட்டுவது எல்லாம் என் பாடு. எங்கள் ஆர்கான் லேசர் ஒரு சவப்பெட்டி நீளம் இருக்கும். அதை முடுக்கினால் காஜாங் வரைக்கும் வீட்டு விளக்குகள் மங்கும். அது குடிக்கிற தண்ணீரில் ஒரு தோட்டத்துப் பயிருக்கே பாய்ச்சலாம். அப்படிப்பட்ட மிருகத்தைப் பூனைக்குட்டி மாதிரி மடியில் வைத்துப் பழக்கியவள் லில்லி. கண்ணாடிகளைத் திருகித் திருகி ஒளியை நேராக்குவதற்கு மற்ற மாணவர்களுக்கு ஒரு நாள் ஆகும். அவள் கோப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, தண்ணி கொஞ்சம் குறைங்க லா, குழாய் துடிக்குது" என்பாள். எனக்குத் தெரியாத துடிப்பு அவளுக்குத் தெரியும்.

செரம்பானிலிருந்து பத்தாவது மைல்கல்லில் இருந்ததால் பத்தாங்கட்டைத் தோட்டம் என்று பெயர் பெற்ற ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஜோசப்ராஜ் அங்கே மண்டோர், பால்மரம் சீவுகிறவர்களை மேய்க்கிற வேலை. அம்மா அந்தோனியம்மாள், தோட்டத்து முதலாளி மெய்யப்பன் செட்டியாரின் பங்களாவில் சமையலுக்கு உதவி. கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பிள்ளை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் டாக்டர் பட்டத்துக்கு வைரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

வைரத்தைக் கையில் எடுக்கிறவர்கள் அதன் அழகைப் பார்ப்பார்கள். இவள் அதை அடித்து நொறுக்கிப் பார்க்கக் கிளம்பியவள். சுத்தியலால் அல்ல. மின்னேற்றம் கொடுத்த அணுக்களை அசுர வேகத்தில் முடுக்கிக் கல்லுக்குள் பாய்ச்ச வேண்டும். அவற்றுக்கு அயனி என்று பெயர். உள்ளே வரிசை பிசகாமல் கைகோத்து நிற்கும் கார்பன் அணுக்களை அவை இடித்துத் தள்ளிக்கொண்டு போகும். இடிபட்ட வைரம் உள்ளே எப்படி மாறுகிறது, சூடு காட்டினால் பழைய வரிசைக்குத் திரும்புகிறதா, எவ்வளவு அடி வாங்கினால் திரும்பவே முடியாமல் போகிறது என்பதுதான் லில்லியின் கேள்வி. வைரத்தில் டிரான்சிஸ்டர் செய்ய வேண்டுமானால் இதற்கு விடை தெரிந்தாக வேண்டும் என்பாள். பாய்ச்சுவதற்கும் அவள் தேர்ந்தெடுத்தது கார்பனையே. வைரமும் கார்பன், அடிக்கிறதும் கார்பன். அப்போதுதான் வேறு சாமான் கலந்ததால் வந்த மாற்றம் என்று யாரும் குறுக்கே பேச முடியாது. அந்த யோசனையைக் கேட்ட அன்று நான் என் மனைவியிடம் போய், இந்தப் பெண்ணுக்குப் பிரதமர் பதவி கொடுத்தாலும் தகும் என்று சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டாள்.

உள்ளே நடந்ததைப் பார்க்கிற வழி ராமன் நிறமாலை. கல்லின் மேல் பச்சை லேசரை விழ வைத்தால், போன ஒளி பெரும்பாலும் போன நிறத்திலேயே திரும்பிவிடும். கோடியில் ஒரு துளி மட்டும் அணுக்களின் அதிர்வுக்குத் தன் தெம்பில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, நிறம் மாறித் திரும்பும். அந்தத் துளியைப் பிடித்து, நிறம் பிரித்து, காகிதத்தில் பேனா தானாக வரையும்படி செய்ய வேண்டும். கெடாத வைரம் என்றால் காகிதத்தின் அளவுகோட்டில் ஆயிரத்து முந்நூற்று முப்பத்திரண்டு என்ற இடத்தில் ஒரே ஒரு கோடு ஊசி மாதிரி எழும்பி இறங்கும். அரசியின் கிரீடத்தில் இருந்தாலும் சரி, கண்ணாடி அறுக்கிற கருவியில் இருந்தாலும் சரி, அதே இடம், அதே ஊசி.

எங்களுக்கு வந்த கஷ்டம் கல்லால் வந்தது. துறை வாங்கித் தந்தவை தொழிற்சாலைச் சில்லுகள், நைட்ரஜன் கலந்தவை. லேசர் பட்டவுடனே அவை தாமாகவே ஒளிர்ந்து தொலைக்கும். அந்த வெளிச்சத்தில் நாங்கள் தேடுகிற துளி காணாமல் போகும். பாசாரில் மீன் விலை கூவுகிற இடத்தில் நின்று கொசுவின் பாட்டைக் கேட்கிற மாதிரி. நல்ல சுத்தமான கல் வேண்டும். துறையிடம் அதற்கு வழியில்லை. உதவித்தொகை அந்த டிசம்பரோடு முடிகிறது. அதற்குள் அளவெடுக்காவிட்டால் பட்டம் கிடையாது, வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

இதையெல்லாம் அந்தோனியம்மாள் பங்களாச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லி அழுதிருக்கிறாள். வெங்காயத்தால் வந்த அழுகையா, மகளால் வந்ததா என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் செட்டியாரின் மனைவி ஆவுடையம்மை ஆச்சி.

ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் வைரம் பார்க்கத் தெரிந்த கண் அதுபோல் இன்னொன்று இல்லை. கல்லை வாங்கி வாயருகே வைத்து ஒரு தரம் ஊதுவாள். படிந்த மூச்சு விலகுகிற வேகத்திலேயே கல்லின் ஜாதகம் அவளுக்குத் தெரிந்துவிடும். எதிரே வருகிற பெண்ணின் தோட்டை, ஓடுகிற பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்து, மூன்றாவது கல் மட்டு என்று சொன்னவள். நான் அந்தப் பஸ்ஸில் இல்லை. இருந்தவர்கள் சொன்னார்கள்.

அவளிடம் யாருக்கும் காட்டாத கல் ஒன்று இருந்தது. செட்டியார் மோதிரத்துக்கு என்று வாங்கிவந்தது. அவர்கள் வழக்கப்படி புது வைரத்தை உடனே கட்டிப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். பட்டுத் துணியில் முடிந்து சாமி அறையில் மூன்று நாள் வைத்து ராசி பார்ப்பார்கள். வீட்டில் நல்லது நடந்தால் கல் தங்கும், இல்லாவிட்டால் விற்றவனிடமே திரும்பும். இந்தக் கல்லை வைத்த இரண்டாம் நாளே தோட்டத்தின் புகைக்கூடம் காயப்போட்ட ரப்பரோடு எரிந்தது. ஓடிப்போன செட்டியார் படியில் சறுக்கி முழங்காலை முறித்துக்கொண்டார். அப்புறம்தான் ஆச்சி உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறாள். கல்லின் ஓரத்தில், உள்ளே, மூன்று கறுப்புக் கீற்று. காக்கைக்கால். அது இருக்கிற வைரம் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். விற்றவர் அதற்குள் கடையை மூடிவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். பிறர் தலையில் கட்டினால் பாவம், தூக்கி எறியவும் மனம் வராது, வைரமாயிற்றே. இருபது வருஷமாக மாட்டுக்கொட்டகையில் ஒரு தகர டப்பாவில் கிடந்தது. அந்த மாடுகள்தான் ஆசியாவிலேயே அதிக விலை மதிப்புள்ள கொட்டகையில் படுத்த மாடுகள். அந்த டப்பாவைத்தான் ஆச்சி, நகைக்கு இல்லை, படிப்புக்குத்தானே என்று சொல்லி அந்தோனியம்மாளிடம் கொடுத்தனுப்பினாள்.

லில்லி அந்தக் கல்லை எங்கள் லேசரின் முன் வைத்த நாள் எனக்கு மறக்காது. உளுத்தம்பருப்பு அளவுதான், சொல்லிச் சொல்லி என் வாயில் இப்போது மொச்சைக்கொட்டை ஆகிவிட்டது. காக்கைக்கால் ஓரத்தில் ஒதுங்கி நிற்க, தட்டையான மேல்முகம் குளம் மாதிரி தெளிவாக இருந்தது. பேனா நகர ஆரம்பித்தது. ஒளிர்வு இல்லை, இரைச்சல் இல்லை, மேசையில் வரைந்த மாதிரி ஒரு தட்டைக் கோடு. சரியான இடம் வந்ததும் ஊசி விசுக்கென்று எழும்பியது, காகிதத்தின் விளிம்பைத் தாண்டிப் பேனா போய் முட்டி நின்றது. லில்லி கல்லைப் பார்த்து இரண்டு கையும் கூப்பினாள், அப்புறம் ஞாபகம் வந்து சிலுவையும் போட்டுக்கொண்டாள்.

ஆச்சியிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. கல்லை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப வேண்டும், அங்கே முடுக்கியில் வைத்து அணுக்களைப் பாய்ச்சுவார்கள், திரும்பி வரும்போது கறுத்துப் போயிருக்கலாம் என்று விளக்கமாகவே சொன்னாள். ஆச்சிக்கு அது வேறு மாதிரி விளங்கியது. கண்ணுக்குத் தெரியாத எதையோ கல்லின் மேல் எறிந்து உள்ளே இருக்கிற தோஷத்தை விரட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டாள். மிளகாய் சுற்றிப் போடுவதற்குப் பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்டுபிடித்த வழி. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கடல் தாண்டிப் போய் வந்த கல் புதுக் கல்லுக்குச் சமானம், அதனால் லில்லி அதில் கை வைப்பதற்கு முன்னால் மூன்று நாள் தன் சாமி அறையில் இருக்க வேண்டும். பாழாய்ப்போன கல்லோடு சின்னப் பெண் தனியாக இருட்டறையில் வேலை செய்கிறதே என்ற கவலை. லில்லி தலையாட்டினாள்.

கல்லின் மேல்முகத்தை அவள் மனசுக்குள் மூன்று பங்காகப் பிரித்திருந்தாள். ஒரு பங்கில் கொஞ்சமாகப் பாய்ச்ச வேண்டும், எதிர்ப் பங்கில் தாராளமாக, நடுப் பங்கை உலோகத் தகடு போட்டு மூடித் தொடாமல் விட வேண்டும். மாநாட்டுக்கு ஆஸ்திரேலியா போன அவளுடைய பேராசிரியர் கல்லைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது நானும் லில்லியும் சுபாங் விமான நிலையத்துக்கு வேனில் போய் வாங்கிக்கொண்டோம். டப்பாவைத் திறந்தாள். ஒரு பங்கு லேசாகப் புகை படிந்த மாதிரி. எதிர்ப் பங்கு கரி. நடுவில் பழைய குளம். லேப் வழியில்தான் இருக்கிறது, ஒரு மணி நேரம் நிறுத்தி ஒரு கோடு வரைந்துகொண்டு போனால் யாருக்குத் தெரியும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டாள். வேன் நேரே பத்தாங்கட்டைக்குப் போனது.

மூன்று நாள் கழித்துப் போனோம். ஆச்சி கல்லைத் தரவில்லை.

நடந்தது இதுதான். முதல் நாள் செட்டியார் காலையில் எழுந்து, இருபது வருஷமாக மடக்காத முழங்காலை மடக்கிச் செருப்பு மாட்டியிருக்கிறார். இரண்டாம் நாள் பசு கன்று போட்டது, ஒன்றல்ல இரண்டு. மூன்றாம் நாள் நில அலுவலகத்தில் வருஷக் கணக்காக இழுத்துக்கொண்டிருந்த எல்லைத் தகராறு செட்டியார் பக்கம் முடிந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தோட்டத்து ரப்பர் மரங்கள் பெட்ரோல் கொடுத்திருக்கும். செட்டியார் முழங்காலுக்கு ஆறு மாசமாகத் தினமும் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டவள் அந்தோனியம்மாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் கல்லின் மேல் லேசாக நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

ஆச்சி தட்டாரை வரச்சொல்லியிருந்தாள், கல்லை மூக்குத்திக்குக் கட்ட. ஆச்சிக்கு லில்லியின் மேல் கோபமே இல்லை, நன்றிதான். "நீ பெரிய காரியம் பண்ணிட்ட புள்ள, தோஷம் அறவே போயிடுச்சு" என்று கன்னத்தைத் தடவினாள். பதிலுக்குத் தன் கல்யாணத் தோட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தருகிறேன் என்றாள். நான் லில்லியின் முகத்தைப் பார்த்தேன். அந்தப் புதுக் கல்லை மறுபடி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி, வரிசையில் நின்று, பாய்ச்சி வாங்குவதற்குள் டிசம்பர் போய்விடும். அவளுடைய மூன்று வருஷமும் தட்டாரின் ஊதுகுழலில் போகப்போகிறது. நானாயிருந்தால் காலில் விழுந்திருப்பேன், இல்லாவிட்டால் கல்லை வாயில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பேன்.

லில்லி ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பசுவைப் பற்றியும் சொல்லவில்லை.

"ஆச்சி, வீடு நல்லா இருக்கு. அத நானே பாக்கிறேன். கல்லு எப்படி இருக்குன்னு பாத்தீங்களா?"

"கல்லுக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கு."

"நீங்க ஊதிப் பாக்காம ஒரு கல்லையும் கையில வச்சுக்க மாட்டீங்க. இத ஊதிப் பாத்தீங்களா?"

ஆச்சி ஊதிப் பார்த்திருக்கவில்லை. ராசி பார்த்த சந்தோஷத்தில் கல்லையே பார்க்க மறந்திருக்கிறாள். அது அவள் மாதிரி ஒருத்திக்குப் பெரிய அவமானம். பட்டு முடிச்சை அவிழ்த்து, கல்லை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். வெளிச்சத்தில் திருப்பினாள். மறுபடி ஊதினாள். கறுத்த பக்கத்தில் மூச்சு விலகியதா என்று கறுப்பில் எப்படித் தெரியும்? இதை ஊதிப் பார்த்துச் சொல்ல முடியாது, எங்கள் லேசர்தான் பார்க்கும், நீங்களே கொண்டுவந்து நீங்களே திரும்பக் கொண்டுபோங்கள் என்று லில்லி சொன்னாள். மறுநாள் காலை ஆச்சி வேனில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கல் அவள் முந்தானை முடிச்சில், ஒரு கை அதன் மேல். மடியில் பலகாரத் தூக்கு.

இருட்டறையில் ஆச்சிக்கு ஒரு முக்காலி போட்டோம். லில்லி முதலில் தொடாத நடுப் பங்கில் லேசரை நிறுத்தினாள். பேனா ஊசியை வரைந்தது. ஆச்சி காகிதத்தைக் கையில் வாங்கி, விரலால் அந்த ஊசியைத் தடவிப் பார்த்தாள். இதுதான் கல்லோட குணமா என்று கேட்டாள். ஆமாம் என்றதும் ரொம்ப நாள் கழித்து உறவுக்காரரைப் பார்த்த மாதிரி சிரித்தாள்.

அப்புறம் புகை படிந்த பங்கு. ஊசி குட்டையாக, பருத்து, ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. அடியில் ஒரு மேடு. அடிபட்டது மேல்தோல் மட்டும்தான், அடியில் நல்ல வைரம் இருக்கிறது, ஒளி அதுவரை போய்த் திரும்புவதால் ஊசி இந்த அளவுக்காவது தெரிகிறது என்று லில்லி சொன்னாள். கடைசியாகக் கரிப் பங்கு. பேனா நகர்ந்தது, நகர்ந்தது, ஒரு பெரிய குன்றை வரைந்தது. ஊசி இருக்க வேண்டிய இடத்தில் மயிர் அளவுக்கு ஒரு நிமிர்வு. அவ்வளவுதான்.

ஆச்சி மூன்று காகிதத்தையும் மடியில் வரிசையாக வைத்துக்கொண்டாள்.

"இத்தன அடி வாங்கிட்டா என் சாமி ரூம்புல உக்காந்திருந்துச்சு?"

"நான்தான் அடிக்கச் சொன்னேன் ஆச்சி."

"சரியாகுமா?"

"இந்தப் பக்கம் ஆகும்னு நெனைக்கிறேன். அந்தப் பக்கம் ஆகாது."

"நெனைக்கிறியா, தெரியுமா?"

"நெனைக்கிறேன். சூடு பண்ணாத்தான் தெரியும். காத்தில்லாத குழாய்க்குள்ள வச்சு, செக்கச் சிவக்கச் சூடு பண்ணணும். குழாய்க்குள்ள காத்து போச்சுன்னா கல்லே எரிஞ்சு போயிடும். அதையும் சொல்லிடுறேன்."

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். படித்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், தனக்கு வேண்டியதைக் கேட்கிற நேரத்தில் தனக்குப் பாதகமானதையும் சேர்த்துச் சொன்னவளை இவளுக்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஆச்சி முந்தானை முடிச்சைத் தொட்டாள். இதை வைத்துக்கொண்டு மூக்குத்தி கட்டினால் நல்லதே நடக்கலாம், ஆனால் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் இந்தக் காகிதம்தான் கண்ணில் நிற்கும் என்றாள். அப்புறம் கல்லை எடுத்து லில்லியின் கையில் வைத்தாள். தான் பக்கத்திலேயே இருப்பேன் என்றாள்.

சூளை வேலை என் பொறுப்பு. குவார்ட்ஸ் குழாய்க்குள் சின்னப் பீங்கான் தட்டில் கல்லை வைத்து, பம்பைப் போட்டுக் காற்றை உறிஞ்சினேன். நிலாவில்கூடக் கொஞ்சம் காற்று இருக்கும், என் குழாயில் இருக்காது. சூடு ஏறியது. குழாய் ஆரஞ்சுச் சுளை நிறத்துக்கு வந்தது. மத்தியானம், வெளியே வானம் இருண்டுகொண்டு வந்தது. எங்கள் பக்கத்து மத்தியான மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கூரையில் யானை நடக்கிற மாதிரி இடி. தேவையான நேரம் கிட்டத்தட்ட முடியப்போகிற வேளையில் மின்சாரம் நின்றது.

பம்பு இருமிவிட்டு ஓய்ந்தது. பம்பு ஓய்ந்தால் அதன் வழியாகவே காற்று திரும்பிக் குழாய்க்குள் ஏறும். குழாயின் அடைப்பானைத் திருகி மூட வேண்டும் என்று என் மூளை என் கைக்குச் சொல்லி முடிப்பதற்குள் லில்லி சூளையைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்தாள். எப்படித் தாண்டினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, பறந்தாள் என்றே சொல்லி வருகிறேன். இரண்டு கையாலும் அடைப்பானைத் திருகி மூடினாள். குழாய் தன் வெற்றிடத்தோடு தனியாக நின்றது. ஆனால் மூடுவதற்கு முன் எவ்வளவு காற்று போனது? காட்டுகிற மானியும் மின்சாரத்தோடு செத்துக் கிடந்தது. குழாய் ஆறும்வரை திறக்கவும் முடியாது. சூட்டில் திறந்தால் மிச்சமிருப்பதும் போய்விடும்.

லில்லி சூளைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எரிஞ்சிருந்தா சாம்பலாச்சும் இருக்குமில்ல?" என்று ஆச்சி கேட்டாள்.

"இருக்காது ஆச்சி. தட்டு காலியா இருக்கும்."

ஆச்சி தலையாட்டினாள். பலகாரத் தூக்கைத் திறந்து ஆளுக்கு இரண்டு சீயம் எடுத்துக் கையில் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்கிற தைரியம் எங்களுக்கு இல்லை. மழைச் சத்தத்தில் மூன்று பேரும் மென்றுகொண்டிருந்தோம். ஆச்சி தன் கல்யாணத்தைப் பற்றி, கப்பலில் வந்ததைப் பற்றி, என்னென்னவோ பேசினாள். கல்லைப் பற்றி மட்டும் பேசவில்லை. என் தலையில் பாதி முடி அந்த மத்தியானம் கொட்டியதுதான்.

மழை விட்டது, விளக்கு வந்தது, குழாய் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியது. திறந்தேன். தட்டை இழுத்தேன். கல் இருந்தது.

இருந்தது மட்டுமில்லை. புகை படிந்த பங்கு வெளுத்து நடுப் பங்கோடு கலந்துவிட்டது, எல்லை எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கரிப் பங்கு கரியாகவே, முன்னைவிடக் கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. ஆச்சி அதைத் தொடவில்லை. லேசரைக் கைகாட்டினாள்.

பேனா முதலில் வெளுத்த பங்கை வரைந்தது. மேடு இல்லை. சாய்வு இல்லை. சரியான இடத்தில் ஊசி எழும்பியது, நடுப் பங்கின் ஊசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். லில்லி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்புறம் கரிப் பங்கு. பழைய ஒற்றைக் குன்று இரண்டாகப் பிளந்திருந்தது. இரண்டு தெளிவான மேடுகள், பென்சில் கரிக்கு வருகிற அதே இரண்டு மேடுகள். அதைப் பார்த்தும் லில்லிக்கு அதே சந்தோஷம். தான் நினைத்தது இரண்டு பக்கமும் சரியாக இருந்ததற்காக அவள் அந்த இருட்டறையில் சுற்றிச் சுற்றி வந்தாள். மின்கம்பியில் கால் தடுக்கியது, அதையும் பொருட்படுத்தவில்லை.

ஆச்சி கேட்டாள், அது இனிமேல் வைரமே இல்லையா என்று. இல்லை, அணுக்கள் வேறு மாதிரி கைகோத்துவிட்டன, இனி திரும்பாது, வேண்டுமானால் அமிலத்தில் கொதிக்க வைத்து அந்தக் கரியை நீக்கிவிடலாம், கல் அந்த இடத்தில் ஒரு துளி தணிந்துபோகும் என்று லில்லி பதில் சொன்னாள். அதை ஆச்சி காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் அடிச்ச, எழுந்துடுச்சு. அந்தப் பக்கம் நெறைய அடிச்ச, போயே போச்சு. ரெண்டுக்கும் நடுவுல எங்க மாறுது?"

"அதான் ஆச்சி என்னோட கேள்வியே. இப்ப இருக்கிறது பட்டத்துக்குப் போதும், ஆனா அத வச்சு இதச் சொல்ல முடியாது."

லில்லியின் கண் கல்லின் நடுப் பங்குக்கு ஒரு தரம் போய் வந்ததை நான் பார்த்தேன். அந்தப் பங்கின் ஊசியை ஏற்கெனவே காகிதத்தில் எடுத்தாயிற்று, ஒப்பிட்டுப் பார்க்க இனி அந்தப் பங்கு வேண்டாம். கல்லின் மேல்முகத்தில் அடிபடாமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

வைரம் பார்க்கிற கண் அதையும் பார்த்துவிட்டது. ஆச்சி உருப்பெருக்கியை இறக்கினாள்.

"நடுவுலயும் அடி" என்றாள். "ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு பாத்து அடிச்சு, அதையும் சூடு பண்ணிப் பாரு. இந்தத் தடவ கல்லு வந்ததும் நேரா இங்க கொண்டாந்துரு. எங்க சாமி ரூம்புக்கு அப்புறமா வரட்டும் லா."

லில்லி மேசை இழுப்பறையிலிருந்து உலோகத் தகட்டை எடுத்தாள். நடுவை விட்டு ஓரத்து இரண்டு பங்கையும் மூடுகிற அளவுக்கு, கல்லைப் பார்த்துப் பார்த்து அப்போதே வெட்ட ஆரம்பித்துவிட்டாள்.